துண்டுக்கு அடியில் நாலு விரல்

"அந்தப் படத்தை எடுத்துப்போடுங்க அம்மணி. மரியாதையாச் சொல்றேனுங்க."

மாட்டுத் தரகர் பாலுசாமி டெய்சியின் போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்று இதைச் சொன்னார். கொங்கு நாட்டில் ஒரு மனிதர் கோபத்தின் உச்சியில் இருக்கிறார் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. கையைக் காலை உடைத்துவிடுவேன் என்பதைக்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். டெய்சி பொள்ளாச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த 'ங்க' அவளை ஏமாற்றவில்லை.

"எடுக்க முடியாதுங்ணா. நானும் மரியாதையாத்தான் சொல்றேன்."

"சந்தைக்குள்ள யாரைக் கேட்டுப் படம் புடிச்சீங்க?"

"எதுக்குக் கேக்கோணும்? சந்தை என்ன உங்க தோட்டமுங்களா? நகராட்சி எடம். நாலு பேரு போற வர்ற எடத்துல கண்ணுக்குத் தெரியறதை நான் எடுப்பேன்."

பாலுசாமி தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். வம்பே அந்தத் துண்டால் வந்ததுதான்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வியாபாரியும் கையோடு கை கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். வியாபாரி தரகரின் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை ஆயிரம் தருகிறான் என்று கணக்கு. சுற்றிலும் ஊரே நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மாட்டுக்குச் சொந்தக்காரனுக்கே தரகர் வந்து சொன்னால்தான் உண்டு.

டெய்சிக்கு அந்தச் சந்தையில்தான் பாதிப் பிழைப்பு. பேங்க் கடனில் வாங்குகிற மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமென்றால், காதில் நம்பர் வில்லை மாட்டிய மாடும் பக்கத்தில் சொந்தக்காரரும் நிற்கிற மாதிரி படம் கேட்பார்கள். அதை எடுக்கத்தான் அவள் சந்தை நாள் தவறாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆரம்பத்தில் பொம்பளைக்கு மாட்டுச் சந்தையில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஒருத்தன் லென்ஸை உள்ளங்கையால் மூடினான். இன்னொருத்தன் வேண்டுமென்றே மாட்டை விரட்டி அவள்மேல் விட்டான். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியதெல்லாம் செரித்துவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்களுடைய தப்பு.

அன்றைக்கு அவள் ஒரு கன்றுக்குட்டியை எடுக்கத்தான் தரையில் குந்தினாள். கேமராவுக்குள் பார்த்தால், கன்றுக்குப் பின்னால் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நிற்பவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். கீழே உட்கார்ந்திருந்தவளுக்குத் துண்டின் அடிப்பக்கம் தெரிந்தது. உள்ளே இரண்டு கைகள். கன்றை விட்டுவிட்டு அதை எடுத்துவிட்டாள்.

கலர் ரோல் என்றால் கோயமுத்தூர் காந்திபுரம் லேபுக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். இது கறுப்பு வெள்ளை. அவளே கழுவி, அவளே பிரிண்ட் போட்டாள். பாலக்காட்டு வியாபாரியின் கை பாலுசாமியின் நாலு விரல்களை இறுகப் பிடித்திருந்தது. கட்டை விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பாலுசாமியின் முகமோ தனக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வானத்தைப் பார்த்தது. பின்னால் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் புருஷன், எட்டி எட்டித் துண்டின் மேல்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டும் அப்படியொரு பயம். ஏமாறப்போகிறவளின் முகம் என்று டெய்சி தீர்மானித்தாள்.

அதைப் பெரிதாக்கி வாசல் ஷோகேஸில் மாட்டினாள். எந்த ஸ்டுடியோவிலும் அதுதானே வழக்கம்? குப்புறப் படுத்த குழந்தை, தலை நிறையப் பூ வைத்த கல்யாணப்பெண் என்று கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற முகங்களில் ஒன்றையாவது கேட்டுக்கொண்டு மாட்டியவர்கள் உண்டா? நன்றாக வந்திருந்தால் மாட்டுவார்கள். அவ்வளவுதான்.

விரலை எண்ணிச் சொன்னவர் புண்ணாக்குக் கடை பஷீர். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தவர் உள்ளே வந்தார்.

"அக்கா, இது கிணத்துக்கடவு ராசாத்தாள் மாடுங்க. மூவாயிரத்துக்குத்தான் போச்சுன்னு அவங்க ஊட்டுக்காரரு டீக்கடையில உக்காந்து அத்தனை பொலம்பல் பொலம்புனாரு. இங்க பாத்தா ஏவாரி நாலைப் புடிச்சிருக்கறானே."

டெய்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண் தீனி போட்டு, சாணி அள்ளி, பால் கறந்து வளர்த்த மாடு. அவள் கண் முன்னாலேயே, ஒரு முழத் துண்டுக்கு அடியில், ஆயிரம் ரூபாயை ஒருத்தன் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறான்! பஷீர் அதோடு நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் சந்தைப்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில்தான் பாலுசாமி வாசலில் வந்து நின்றார்.

"ஒரு பொம்பளை மாட்டுல ஆயிரத்தை முழுங்கிப்போட்டு என்னை மெரட்ட வந்துட்டீங்களா?" என்று டெய்சி கேட்டாள்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். திரும்பி, கண்ணாடிக்குள் இருந்த ராசாத்தாளின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க அம்மணி."

"விரல் எண்ணத் தெரியுமுங்க."

"துண்டுக்கு அடியில இருக்கறது ஊருக்கு இல்லீங்க. அதுக்குத்தான் துண்டே போடறது. அடுத்த சந்தைக்குள்ள எடுத்துப்போடுங்க. இல்லீன்னா நீங்க சந்தைக்குள்ள கால் வெக்க முடியாதுங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்திருக்கக்கூடிய டெய்சியும் அந்தச் சொல்லுக்குப் பிறகு இல்லை.

வக்கீல் முகமது யூசுப் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். பொள்ளாச்சிக் கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் டெய்சியின் ஸ்டுடியோவுக்கு எதிரே டீ குடிப்பார். அவரைப் பிடித்துக் கேட்டாள்.

"பொது எடத்துல படம் எடுக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு சட்டமும் இல்லைம்மா," என்றார். "ராணுவ எடம், அது இதுன்னு சிலதுக்குத் தடை இருக்கு. மாட்டுச் சந்தைக்கு என்ன? கேமராவைப் புடுங்கறதுக்கோ ரோலை உருவறதுக்கோ அவங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. போலீசே கேட்டாலும் எந்தச் சட்டத்துலன்னு நீங்க திருப்பிக் கேக்கலாம். நெகட்டிவ் உங்க சொத்து."

"அது போதுமுங்க பாய்."

"இருங்கம்மா. எடுக்கறது ஒண்ணு. கடை வாசல்ல மாட்டறது இன்னொண்ணு. அதுல இருக்கறவங்க நாளைக்கு வந்து..."

"திருடங்கிட்டச் சம்மதம் கேக்கச் சொல்றீங்களா?"

யூசுப் சிரித்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். கேட்கிற நிலையில் இல்லாத ஆளிடம் பேசி அவருக்குப் பழக்கம் அதிகம்.

அடுத்த சந்தை நாளில் டெய்சி வேண்டுமென்றே சீக்கிரம் போனாள். இன்சூரன்ஸ் படத்துக்கு ஒரு ஜெர்சி மாட்டைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தபோது தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். துண்டு இல்லாத தோள் ஒன்றுகூட இல்லை. அவர்களில் இளவட்டமாக இருந்த ஒருவன் கேமரா வாரைப் பிடித்தான்.

"ரோலைக் கழட்டுங்க."

"கையை எடுடா," என்றாள் டெய்சி.

அந்த ஊரில் ஒரு பெண் 'ங்க' இல்லாமல் பேசுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவன் கை தானாக விலகியது. அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, எஸ்.ஐ. வந்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கெதுக்கு இந்த வம்பு? அந்த ரோலைக் கொடுத்துட்டுப் பேசாம வீட்டுக்குப் போ."

"எந்தச் சட்டத்துலங்க சார் கொடுக்கணும்?" என்றாள் டெய்சி. "எழுதிக் கொடுங்க. வக்கீல் யூசுப் சார்கிட்டக் காட்டறேன். நகராட்சிச் சந்தையில, பட்டப்பகல்ல, எல்லாருக்கும் நடுவுல நின்னு எடுத்த படம். ஒளிஞ்சு எடுக்கலை. எவன் ஊட்டுக்குள்ளயும் பூந்து எடுக்கலை. எடுத்தது குத்தமுன்னா என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. இவன் எங் கேமராமேல கை வெச்சான், அதுக்கும் ஒரு கேஸ் எழுதுங்க."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. "படம் எடுக்கறது குத்தம் இல்லைப்பா. யாரும் கை வைக்காதீங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஜெயித்துவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் விழுங்கியது விடுமா?

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்று பாலுசாமியைக் கை நீட்டிக் காட்டினாள். "ராசாத்தாள் மாட்டை நாலுக்கு வித்துப்போட்டு மூணுன்னு பொய் சொன்னவரு இவருதான். துண்டு எதுக்குப் போடறாங்கன்னு இப்பத் தெரிஞ்சுக்குங்க."

எல்லாரும் பாலுசாமியைப் பார்த்தார்கள். தாத்தா காலத்திலிருந்து தரகு பார்க்கிற குடும்பம் அவருடையது. அவர் மறுக்கப் போகிறார், சத்தியம் செய்யப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"ஆமாங்க," என்றார். "நாந்தான் எடுத்துக்கிட்டேன். திருடன்தானுங்க நானு. இப்ப உங்களுக்குச் சந்தோசமுங்களா? அந்தப் படத்தை மட்டும் எடுத்துப்போடுங்க. அந்த மனுசன் இன்னும் பாக்கலீங்க."

எந்த மனுஷன், அவன் பார்த்தால் என்ன என்று டெய்சி கேட்டிருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அவள் ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் பழைய படத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடவும் பெரிய பிரிண்ட் போட்டு மாட்டினாள்.

ஒரு வாரம் கழித்து ராசாத்தாளும் அவள் புருஷனும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அவர் வெளுத்த வேட்டியும் சட்டையுமாக, ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களாலதானுங்க அம்மணி! பஷீர் சொல்லி வந்து பாத்தேன். பாத்ததும் நேரா பாலுசாமி ஊட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலீங்க. ஆயிரத்தைக் கொண்டாந்து கையில வெச்சுப்போட்டான். ஒரு பொம்பளை தனியா நின்னு போலீசையே கேள்வி கேட்டீங்களாமே! இதே படம் எங்கூட்டுக்கு ஒண்ணு வேணுமுங்க. சட்டம் போட்டுக் குடுங்க. செவுத்துல மாட்டோணும்."

டெய்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இத்தனையும். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ராசாத்தாள் உட்காரவில்லை. சுவரை ஒட்டி நின்றாள். அவர் வெளியே போய், ஷோகேஸ் முன்னால் நின்றிருந்தவர்களிடம் படத்தில் தன்னைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கினார்.

அவர் குரல் தூரத்துக்குப் போனதும் ராசாத்தாள் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, அதுல எம் மூஞ்சி இருக்குதுங்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அக்கா, உங்களுக்காகத்தானுங்க நான் இவ்வளவும்..."

"நான் கேட்டனுங்களா?"

சத்தம் போடவில்லை. வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடிதான் பேசினாள். ஆனால் டெய்சி அப்படியொரு கோபத்தை அதுவரை பார்த்ததில்லை.

"பாலுசாமியண்ணன் திருடலீங்க. மூணுன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். எனக்கு ரெண்டு வருசமா தீட்டு நிக்கறதில்லைங்க. உங்க சேர்ல உக்காந்தாக் கறையாயிருமுன்னுதான் நின்னுட்டிருக்கறேன். வயித்துல கட்டி இருக்குது, எடுத்தாத்தான் ஆச்சுன்னு கோயமுத்தூர் ஆஸ்பத்திரில சொல்லிப்போட்டாங்க. இவரு, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வர்றதுதான், கசாயம் குடிங்கறாரு. வயித்தைக் கிழிக்கறதுக்குக் காசு குடுக்கமாட்டாராமா. முட்டை வித்து, களை வெட்டப் போயிச் சேத்தி வெச்சிருந்தேன். அந்த ஆயிரம் சேந்தா போதும். பல்லடத்துல எங்கக்கா ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுப் போய், கட்டியை எடுத்துட்டு வந்துரலாமுன்னு இருந்தேன். அண்ணன் கிட்ட அழுதேன். அவரு சரின்னாரு. விலை துண்டுக்குள்ளதானே அம்மணி இருக்குது, யாருக்குத் தெரியப்போகுதுன்னாரு."

டெய்சிக்குப் படத்திலிருந்த பயம் என்ன பயம் என்று இப்போது தெரிந்தது. புருஷன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்ற பயம்.

"அப்பப் பாலுசாமியண்ணன் உங்கூட்டுக்காரருகிட்டக் குடுத்த ஆயிரம்?"

"அவரு கைக்காசு. என்னைக் காட்டிக் குடுக்காம எடுத்து வெச்சிருக்கறாரு. எனக்குச் சேர வேண்டிய ஆயிரத்தைச் சந்தை அன்னைக்கே குடுத்துட்டாரு. எங்கூட்டுக்காரரு காசு வாங்கிட்டு வந்ததுக்கு மறுநாளே நான் போயி அதை அவரு கையில திணிச்சுட்டு வந்துட்டேன். வேண்டாம் போன்னாரு. திருடன்னு பேரும் வாங்கிக்கிட்டு, காசும் போகோணுமுங்களா அவருக்கு?"

"நான் தாரேனுங்கக்கா. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நானே..."

"வேண்டாமுங்க." ராசாத்தாள் தலையை ஆட்டினாள். "உங்க காசை வாங்கினா அப்பறம் உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குச் சொல்லோணும். எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்ல முடியலை, உங்ககிட்டயாச்சும் சொல்லோணும். ஊட்டுல இன்னொரு கன்னு இருக்குது. அது வளந்து ஈனட்டும். அதுக்குள்ள செத்துப்போக மாட்டேன்னு நெனைக்கறேன்."

டெய்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் புருஷன்மேல், பஷீரின் வாய்மேல், எல்லாவற்றுக்கும்மேல் தன்மேல். மேஜை டிராயரை இழுத்து ஷோகேஸ் சாவியை எடுத்தாள்.

"இப்பவே கழட்டிப்போடறேன்."

ராசாத்தாள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. வலித்தது.

"கழட்டாதீங்க. ஏன் கழட்டுனாங்கன்னு கேப்பாரு. கேட்டா யோசிப்பாரு. யோசிச்சா எங்கிட்டத்தான் வந்து நிப்பாரு. சட்டம் இருக்குதுன்னு சந்தையில சண்டை போட்டீங்களாமே. அப்ப அங்கயே தொங்கட்டும். எங்கூட்டுச் செவுத்துலயும் தொங்கட்டும்."

வெளியே இருந்து புருஷன் கூப்பிட்டார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி டெய்சி அவர்கள் கேட்ட பிரிண்டைப் போட்டாள். போடாமல் இருக்கவும் வழியில்லை.

அடுத்த சந்தை நாளில் அவள் பாலுசாமியைத் தேடிப் போனாள். அவர் வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மாடு கொண்டுவந்தவர்கள் அவரைத் தாண்டி வேறு தரகர்களிடம் போனார்கள். ஒருத்தன் போகிற போக்கில், "எண்ணிப் பாத்து வாங்கிக்கப்பா," என்று யாரையோ பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணா," என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க. இப்பவே எல்லாரையும் கூப்பிடறேன். அன்னைக்குச் சத்தம் போட்டுச் சொன்ன மாதிரியே, நீங்க திருடலைன்னு நடுச்சந்தையில நின்னு சொல்லிப்போடறேன்."

பாலுசாமி நிமிர்ந்து பார்த்தார். ஸ்டுடியோ வாசலில் இருந்த கோபம் அவரிடம் இப்போது இல்லை. அது இருந்திருந்தால் டெய்சிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொல்லுங்க," என்றார். "திருடலைன்னா அந்த ஆயிரம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு என்னன்னு சொல்லுவீங்க அம்மணி?"

கேமரா கழுத்தில் தொங்கியது. இன்சூரன்ஸ் படத்துக்காக ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.